மூக்கடைப்பு மாத்திரை: அட்டைக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்கு? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: டாக்டர், எங்க வூட்டுக்காரருக்கு 52 வயசு, ஹார்பருக்கு கன்டெய்னர் லாரி ஓட்டறாரு, பிபிக்கு தினமும் மாத்திரை போட்டுக்கறாரு. ஐப்பசி மழை ஆரம்பிச்சா மார்கழி பனி முடியற வரைக்கும் காலைல எழுந்ததுமே அடுக்குத் தும்மல், மூக்குல தண்ணியா ஊத்தும், ராத்திரியானா அடைச்சிக்கும். மெடிக்கல்ல கேட்டா ஜலதோஷ மாத்திரைன்னு ஒண்ணு குடுக்கறாங்க, அதையே காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு மாசக்கணக்கா போடறாரு. தும்மல் நிக்குது, ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுன்றாரு, ராத்திரி சரியா தூங்கறதில்ல, பகல்ல வண்டி ஓட்டும்போது கண்ணு சொக்குதுன்றாரு. ஒரே மாத்திரை எப்படி ரெண்டையும் பண்ணும்? இதையே போடலாமா?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மொதல்ல ஒண்ணு சொல்லிடறேம்மா, டாக்டரைப் பாக்கற வரைக்கும் அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க, பிபி மாத்திரைய மட்டும் நிறுத்தவே கூடாது. நாளைக்கே பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி பாத்துடுங்க, காசு ஆகாது.

ஒரே மாத்திரைன்னு நாம நெனச்சிக்கறோம், உள்ள ரெண்டு மூணு மருந்து ஒண்ணா இருக்கு. அட்டையத் திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல போட்டிருக்கும், நம்ம ஊர்ல அதிகமா விக்கறதுல குளோர்ஃபெனிரமின் 2 மில்லிகிராம், ஃபினைலெஃப்ரின் 5 இல்ல 10, கூடவே பாராசிட்டமால் 325 இல்ல 500ன்னு இருக்கும். கஷ்டம் என்னன்னா கடையில கத்தரிக்கோலால நாலு மாத்திரைய வெட்டிக் குடுக்கறாங்க, அந்தத் துண்டுல மருந்துப் பேரு பாதிதான் இருக்கும், எக்ஸ்பைரி தேதி வேற துண்டுல போயிடும். அதனால முழு அட்டையா கேளுங்க, இல்லன்னா வெட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

இதுல குளோர்ஃபெனிரமின்தான் தும்மலையும் அரிப்பையும் நிறுத்தறது. அலர்ஜி வந்தா ஒடம்புல ஹிஸ்டமின்னு ஒண்ணு சுரக்கும், அதோட வேலைய இது தடுத்துடும். ஆனா இது பழைய காலத்து மருந்து, மூளைக்குள்ள போயி தூக்கத்தக் கொண்டுவரும், ராத்திரி போட்டதே மறுநாள் காலைலயும் ஒடம்புல இருக்கும். எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் க்யூவுல மணிக்கணக்கா நின்னு நின்னு நகர்ற வண்டியில ஒக்காந்திருக்கற மனுஷனுக்கு இது எவ்ளோ ஆபத்துன்னு நான் சொல்லணுமா, தயவுசெஞ்சு இதைப் போட்டுட்டு ஸ்டியரிங்கத் தொட விடாதீங்க. சாயங்காலம் கொஞ்சம் குடிக்கற பழக்கம் இருந்தா ரெண்டும் சேர்ந்து மயக்கம் இன்னும் ஜாஸ்தி ஆகும்.

படபடப்புக்கு ஃபினைலெஃப்ரின்மேலதான் சந்தேகம். மூக்குக்குள்ள ரத்தக்குழாய் வீங்கறதாலதான் அடைக்குது, அந்தக் குழாய சுருக்கறதுதான் இதோட வேலை. ஆனா அது மூக்கோட நிக்காது, ஒடம்பு பூரா இருக்கற குழாயையும் சுருக்கப் பாக்கும், பிபி ஏறலாம், சில பேருக்கு தூக்கம் கெடும். ஒரு பக்கம் பிபி மாத்திரை குழாயத் தளர்த்துது, இன்னொரு பக்கம் இது சுருக்குது. இதே ஜாதியில சூடோஎஃபெட்ரின்னு ஒண்ணு, அது மூக்கடைப்புக்கு நல்லாவே கேக்கும், ஆனா நெஞ்சையும் தூக்கத்தையும் இன்னும் பலமா பாதிக்கும்.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சிக்கோங்க. ஃபினைலெஃப்ரின வாய் வழியா சாப்பிட்டா குடல்லயும் ஈரல்லயுமே பெரும்பகுதி உடைஞ்சிபோயிடுது, மூக்கு வரைக்கும் போய்ச் சேர்றது கொஞ்சம்தான். அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட நிபுணர் குழு 2023 செப்டம்பர்ல இதை ஆராய்ஞ்சு, மாத்திரையா சாப்பிட்டா மூக்கடைப்புக்கு பலன் இல்லன்னு ஒருமனதா சொல்லிட்டாங்க, 2024 நவம்பர்ல டாக்டர் சீட்டு இல்லாம விக்கற மூக்கடைப்பு மருந்துப் பட்டியல்லேருந்தே இதை எடுத்துடலாம்னு எஃப்டிஏ முன்மொழிஞ்சிருக்கு. அப்போ பிபி இருக்கறவரு இவ்ளோ ரிஸ்க் எடுத்து அதை விழுங்கறதுல என்ன லாபம் சொல்லுங்க.

அவருக்கு மாசக்கணக்கா வர்றது அலர்ஜி மாதிரிதான் தெரியுது. காய்ச்சல் இல்ல, ஒடம்பு வலி இல்ல, அப்போ பாராசிட்டமாலும் தேவையில்ல. இதுல ஒரு பெரிய பயம் இருக்கு, ஜலதோஷ மாத்திரையும் போட்டு தலை வலிக்குதுன்னு தனியா ஒரு பாராசிட்டமாலும் போட்டா தெரியாமலே டோஸ் ஏறிக்கிட்டே போகும். ஒரு நாளைக்கு 4 கிராமத் தாண்டினா ஈரலுக்கு ஆபத்து, குடிக்கறவங்களுக்கு அதுக்கு முன்னாடியே.

டாக்டர்கிட்ட போனா அலர்ஜிக்கு மட்டும் தனி மருந்து தர முடியுமான்னு கேளுங்க. செட்ரிசின் ஒரு நாளைக்கு ஒண்ணு போதும், ஆனா அதுலயும் சில பேருக்கு தூக்கம் வரும். டிரைவர்னு சொன்னா ஃபெக்ஸோஃபெனடின் குடுப்பாங்க, அதுல மயக்கம் ரொம்பக் கம்மி, ஆரஞ்சு ஆப்பிள் ஜூஸோட மட்டும் போடக்கூடாது, பலன் கொறஞ்சிடும், வெறும் தண்ணியில போடணும். ராத்திரி அடைப்புக்கு மூக்குல அடிக்கற ஸ்டீராய்டு ஸ்ப்ரே இருக்கு, மாத்திரையவிட அதுதான் நல்லா கேக்கும், ஆனா ரெண்டு நாள்ல பலன் தெரியலன்னு விட்டுடக் கூடாது, தினமும் அடிக்கணும். ஸ்டீராய்டுன்னதும் பயப்படாதீங்க, மூக்குக்குள்ள கொஞ்சமா அடிக்கறதுதான். அடிக்கும்போது நடுத்தண்டுப் பக்கம் அடிக்காம, காதுப்பக்கமா சாய்ச்சி அடிக்கச் சொல்லுங்க, இல்லன்னா ரத்தம் வரும்.

மழை நாள்ல செவுரு ஓதம் பிடிச்சு பூஞ்சை கெளம்பும், தலகாணியில தூசிப் பூச்சி இருக்கும், வெயில் அடிக்கற நாள்லல்லாம் பாயையும் தலகாணியையும் மொட்டை மாடியில காயப்போடுங்க. போகி அன்னிக்கு காலைல டயர் எரிக்கற தெருவுல அவர நிக்க விடாதீங்க. நெஞ்சுல விசில் சத்தம், இழுப்பு இருந்தா அது மூக்கோட விஷயமில்ல, இந்த மாத்திரை எதுவும் அதுக்கு உதவாது, உடனே காட்டணும்.

பிபி மட்டுமில்ல, இதயக் கோளாறு, தைராய்டு அதிகமா சுரக்கறவங்க, கண்ணுல பிரஷர், பிராஸ்டேட் வீங்கி ஒண்ணுக்கு சரியா போகாத பெரியவங்க, இவங்க யாரும் இந்தக் கூட்டு மாத்திரைய தானா வாங்கிப் போடக்கூடாது. மருந்துக்கு அடங்காத டிபிக்கு லினிசோலிட் சாப்பிடறவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், சூடோஎஃபெட்ரின் மாதிரி மருந்தோட அது சேர்ந்தா பிபி எகிறும், நம்ம ஏரியாவுல இத நெறைய பேருக்கு யாரும் சொல்றதில்ல. நெஞ்சு வலி, இதுவரைக்கும் வராத மாதிரி தலைவலி, ஒரு பக்கம் கை கால் வராம போறது, ஒண்ணுக்கு சுத்தமா அடைச்சிக்கறது, இதுல எது வந்தாலும் 108க்கு போன் பண்ணுங்க, இல்ல நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: மாத்திரை வேணாம்னு மூக்குல சொட்டு மருந்து விடறேன். ஆரம்பத்துல ஒரு தடவை விட்டா போதும், இப்போ மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை விட்டாதான் மூச்சு விட முடியுது. ஏன்?
வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின்னு பேரு போட்டிருந்தா அந்த மருந்தேதான் இப்போ மூக்க அடைக்குது தம்பி. மூணு நாளுக்கு மேல தொடர்ந்து விட்டா, மருந்து எறங்கும்போது குழாய் முன்னவிட அதிகமா வீங்கும். ஒரு மூக்குல மொதல்ல நிறுத்திட்டு, அது சரியானதும் அடுத்த மூக்குல நிறுத்தலாம், ஒரு வாரம் பத்து நாள் கஷ்டமாதான் இருக்கும், காது மூக்கு தொண்டை டாக்டர் அந்த நேரத்துக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே குடுப்பாரு. உப்புத் தண்ணி சொட்டு எத்தன தடவ வேணா விடலாம். வீட்ல கலக்கறதா இருந்தா கொதிக்க வெச்சி ஆறவெச்ச தண்ணியில மட்டும்தான், லாரித் தண்ணிய அப்படியே மூக்குல விடாதீங்க.

கேள்வி: என் பையனுக்கு மூணு வயசு. பெரியவனுக்கு எழுதிக் குடுத்த சளி சிரப் மீதி இருக்கு, பாதி அளவு குடுக்கலாமா?
வாசகி, திருவொற்றியூர்

பதில்: குடுக்காதீங்கம்மா, பாதியும் வேணாம் கால்வாசியும் வேணாம். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்த 4 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு லேபிள்லயே அச்சடிக்கச் சொல்லி 2023 டிசம்பர்ல மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டிருக்கு. மூக்கு அடைச்சி பால் குடிக்க முடியலன்னா உப்புத் தண்ணி சொட்டு விட்டு தொடைச்சி விடுங்க. ஆவி புடிக்கறேன்னு கொதிக்கற சட்டிக்குப் பக்கத்துல புள்ளைய ஒக்கார வெக்காதீங்க, கொட்டி வெந்துபோற குழந்தைங்க இருக்காங்க. மூச்சு வேகமா வாங்கினாலோ, விலா உள்ள இழுத்தாலோ, சாப்பிடாம சோர்ந்து கெடந்தாலோ அன்னிக்கே குழந்தை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. அந்த மீதி சிரப்ப இன்னிக்கே கொட்டிடுங்க.