வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மறைக்கல்வி வகுப்புக்காகப் புனித தோமஸ் அக்குவைனாஸ் எழுதிய இறையியல் சுருக்கத்தைத் திறந்தேன். 'கடவுள் இல்லை போலத் தோன்றுகிறது' என்கிறாரே! இந்தியாவுக்கு வந்த தோமையாரும் இவரும் ஒருவரா?
– வாசகி, பாலையூற்று, திருகோணமலை

பதில்: இருவரும் வேறு. ஜூலை 3இல் நாம் கொண்டாடும் தோமையார் இயேசுவின் திருத்தூதர். அக்குவைனாஸ் 13ஆம் நூற்றாண்டு இத்தாலியர், தொமினிக்கன் சபைத் துறவி; 1274இல் இறந்தார், 1323இல் புனிதரானார். திருவிழா ஜனவரி 28.

நீங்கள் வாசித்தது அவருடைய கருத்தல்ல, எதிராளியின் வாதம். அநேகர் சறுக்கும் இடம் இதுதான். முதல் பாகம், 2ஆம் வினா, 3ஆம் பிரிவை எடுங்கள். முதலில் இரண்டு மறுப்புகள்: உலகில் தீமை இருக்கிறதே, இயற்கையே எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறதே. அடுத்து 'ஆனால் இதற்கு மாறாக' என்று 'இருக்கின்றவராக இருக்கின்றவர் நானே' என்று கடவுள் சொல்லும் விவிலிய வசனம் (விடுதலைப் பயணம் 3:14) வரும். 'நான் பதிலளிக்கிறேன்' என்ற இடத்தில்தான் அவர் வாய் திறக்கிறார். கடவுள் இருக்கிறார் என்று காட்டும் புகழ்பெற்ற ஐந்து வழிகள் அங்கேதான். கடைசியில் மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாய் விடை.

ஆகவே முதலில் 'நான் பதிலளிக்கிறேன்' பகுதியை வாசியுங்கள்; பிறகு ஒவ்வொரு மறுப்பையும் அதன் விடையோடு சேர்த்துப் பாருங்கள். எதிராளியின் வாதத்தை இவ்வளவு நேர்மையாக, வலுவாக எடுத்துவைப்பது எனக்கு மிகவும் பிடித்த குணம். பிள்ளைகளுக்கும் அதைக் காட்டுங்கள்.

மூன்றாம் பாகம் 90ஆம் வினாவோடு நின்றுவிடும். 1273 டிசம்பரில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பின் வரும் பின்னிணைப்பு, அவருடைய பழைய நூலிலிருந்து மற்றவர்கள் தொகுத்தது.

வகுப்பை நற்கருணை ஆசீரிலிருந்து தொடங்கலாம். அங்கே பாடும் 'மாண்புயர்', அவர் பெயரில் வழங்கும் இலத்தீன் பாடலின் கடைசி இரு கண்ணிகளே.