கொன்ட்ரோலைக் கொமாண்டாக மாற்ற 85,000 ரூபாயா?

கேள்வி: சேர், பசறைப் பக்கம் தேயிலைக் கொழுந்து வாங்கும் முதலாளி ஒருவருக்கு நிறுவைக் கணக்கு மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பைதானில், ஜன்னல், மெனு, பொத்தான் எல்லாம் செய்ய உதவும் கியூடி என்ற நிரல் தொகுப்பை வைத்து எழுதியது. விண்டோஸில் 2 வருடமாகப் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது. கணக்கப்பிள்ளை ஐயா மவுஸைத் தொடவே மாட்டார், எல்லாம் கீபோர்ட்டில்தான். இப்போது முதலாளியின் மகள் மெக் லெப்டொப் வாங்கியிருக்கிறார். அதில் போட்டால், 'தேடி மாற்று' என்பதற்கு வைத்த விசையை அழுத்தியதும் மென்பொருளே மறைந்துவிடுகிறது. ஒரு லொறியின் கணக்குப் பக்கத்திலிருந்து அடுத்த லொறியின் பக்கத்துக்குத் தாவும் விசை வேலை செய்யவில்லை. ஆங்கில மெனுவில் செட்டிங்ஸைக் காணவில்லை, தமிழ் மெனுவில் மட்டும் இருக்கிறது. டவுனில் ஒருவர், "சோர்ஸ் கோடைத் தாருங்கள், 85,000 ரூபாய்க்கு விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றுக்கும் மாற்றித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. காசையும் கொடுக்க வேண்டாம், நீங்கள் எழுதிய மூல நிரலான சோர்ஸ் கோடையும் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று பிரச்சினையும் உங்கள் கையாலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீரக்கூடியவை.

முதலில், மென்பொருள் மறைந்துபோனதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது மூடப்படவும் இல்லை, கணக்கு அழியவும் இல்லை. நீங்கள் விண்டோஸ் வழக்கப்படி 'தேடி மாற்று' என்பதற்குக் கொன்ட்ரோல்-எச் வைத்திருப்பீர்கள். கியூடி என்ன செய்கிறது என்றால், கோடில் கொன்ட்ரோல் என்று எழுதியிருப்பதை மெக்கில் தானாகவே கொமாண்ட் விசையாக எடுத்துக்கொள்கிறது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும், கொப்பி, சேவ் எல்லாம் அதனால்தான் உங்களுக்கு ஒழுங்காக ஓடுகின்றன. ஆனால் மெக்கில் கொமாண்ட்-எச் என்றால் 'இந்த மென்பொருளை ஒளித்து வை' என்று அர்த்தம். எல்லா மென்பொருளுக்கும் அது பொது. திரையின் கீழே மென்பொருள் படங்கள் வரிசையாக இருக்கும் டொக்கில் உங்கள் மென்பொருளின் படத்தை அழுத்தினால் திரும்பி வரும். மெக்கில் 'தேடி மாற்று' என்பதற்குப் பல மென்பொருள்கள் ஒப்ஷன்-கொமாண்ட்-எஃப் வைத்திருக்கின்றன, நீங்களும் அதையே வையுங்கள்.

இங்கே ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். உங்கள் மென்பொருளில் கட்டளை என்பது வேறு, அதற்குரிய விசை என்பது வேறு. 'சேவ் செய்', 'திரும்பச் செய்', 'தேடு' என்பவை உங்களுடையவை. எந்த விசை என்பது அந்த மெஷினில் உட்காருகிறவரின் விரல் பழக்கம், அதில் உங்களுக்குப் பங்கு இல்லை. முதலாளியின் மகள் நாள் முழுக்கக் கொமாண்ட்-சி அழுத்துகிற பிள்ளை, உங்கள் மென்பொருளுக்குள் வந்ததும் விரலை மாற்று என்றால் எப்படி? கியூடியில் இதற்கென்றே 'ஸ்டாண்டர்ட் கீ' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. விசையை எழுத்தாக எழுதாமல், 'இது சேவ்', 'இது ரீடூ' என்று கட்டளையின் பெயரைச் சொல்லிவிட்டால், ரீடூவுக்கு விண்டோஸில் கொன்ட்ரோல்-வை, மெக்கில் ஷிஃப்ட்-கொமாண்ட்-இசட் என்று அதுவே பார்த்துப் போட்டுக்கொள்ளும். 'தேடி மாற்று' மட்டும் அந்தப் பட்டியலில் மெக்குக்குக் காலியாக இருக்கும், அதனால்தான் அதை நீங்களே வைக்கச் சொன்னேன்.

ஏன் இப்படி இரண்டு வழக்கம் என்று கேட்பீர்கள். இசட், எக்ஸ், சி, வி என்று பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை அன்டூ, கட், கொப்பி, பேஸ்ட்டுக்கு வைத்தது அப்பிள்காரர்கள்தான், 1983இல் லிசா என்ற கணினியிலும் அடுத்த வருடம் மெக்கின்டொஷிலும். ஐபிஎம் 1987இல் வேறு ஒரு முறை கொண்டுவந்தது, ஷிஃப்ட்-டிலீட், ஷிஃப்ட்-இன்செர்ட் என்று. விண்டோஸ் அதையும் வைத்துக்கொண்டு அப்பிளின் எழுத்துகளையும் எடுத்துக்கொண்டது, சாதாரணக் கீபோர்ட்டில் கொமாண்ட் விசை இல்லாததால் கொன்ட்ரோலில் மாட்டியது. மெக்கில் கொன்ட்ரோல் விசையும் இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு வேலை. எழுதும் கட்டத்துக்குள் கொன்ட்ரோல்-ஏ அழுத்தினால் வரியின் தொடக்கத்துக்குப் போகும். அதனால் விண்டோஸ் பழக்கத்தில் அதை அழுத்திவிட்டு, எல்லாவற்றையும் தெரிவு செய்யவில்லையே என்று மென்பொருளைக் குறை சொல்லக்கூடாது.

சரி, லொறிக்கு லொறி தாவும் விசைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பக்கங்களுக்கு இடையே தாவ விண்டோஸில் கொன்ட்ரோல்-டெப். மெக்கிலும் அதே கொன்ட்ரோல்-டெப்தான், உண்மையான கொன்ட்ரோல் விசை. கொன்ட்ரோல் எல்லாம் கொமாண்டாக மாறும் என்ற வழக்கத்துக்கு இது ஒரு விதிவிலக்கு, ஏனென்றால் கொமாண்ட்-டெப் என்பதை மென்பொருளுக்கு மென்பொருள் தாவுவதற்காக மெக் தானே எடுத்துக்கொள்கிறது, உங்கள் மென்பொருள் வரைக்கும் அது வந்து சேராது. நீங்கள் கோடில் கொன்ட்ரோல்-டெப் என்று எழுதியிருக்கிறீர்கள், கியூடி அதைக் கொமாண்ட்-டெப் ஆக்கிவிட்டது, மெக் அதை வழியிலேயே பிடித்துக்கொண்டது. மெக்கில் உண்மையான கொன்ட்ரோல் வேண்டுமானால் கியூடியில் 'மெட்டா' என்று எழுத வேண்டும். அப்படியானால் எல்லா இடத்திலும் மெட்டா-டெப் என்று மாற்றிவிடலாமா? மாற்றினால் விண்டோஸ் கெட்டுவிடும். விண்டோஸில் மெட்டா என்பது விண்டோஸ் விசை, அதோடு டெப் அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னல்களை எல்லாம் விரித்துக் காட்டும், கணக்கப்பிள்ளை ஐயா திகைத்துப் போவார். ஆகவே ஓடுவது மெக்கா என்று முதலில் பார்த்து, மெக் என்றால் மட்டும் மெட்டா-டெப், மற்ற இடத்தில் கொன்ட்ரோல்-டெப். இரண்டே வரி.

செட்டிங்ஸ் காணாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. மெக்கில் மெனு ஜன்னலுக்குள் இருப்பதில்லை, திரையின் உச்சியில் இருக்கும். அப்பிள் படத்துக்குப் பக்கத்தில் மென்பொருளின் பெயரிலேயே ஒரு மெனு, செட்டிங்ஸும் குவிட்டும் அதற்குள்தான் இருக்க வேண்டும், விசை கொமாண்ட்-கமா, கொமாண்ட்-கியூ. கியூடி உங்கள் மெனுவின் ஆங்கிலப் பெயர்களைப் படித்துப் பார்த்து, செட்டிங்ஸ், ஒப்ஷன்ஸ், எக்ஸிட் மாதிரி இருந்தால் தானாகவே அங்கே நகர்த்திவிடுகிறது. தமிழில் 'அமைப்புகள்' என்று எழுதினால் அதற்குப் புரியாது, இருந்த இடத்திலேயே விட்டுவிடும். காணாமல் போன உங்கள் செட்டிங்ஸ் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது, தமிழ் மெனுவில்தான் தவறு. 'மெனு ரோல்' என்று ஒன்று இருக்கிறது, அதில் இது செட்டிங்ஸ், இது குவிட் என்று நேரடியாகக் கொடுத்துவிடுங்கள், மொழி எதுவானாலும் சரியான இடத்துக்குப் போகும். தராசுக்கு 'செட்டப்' என்று தொடங்கும் பெயரில் ஏதாவது வைத்திருந்தால் அதையும் கியூடி இழுத்துக்கொண்டு போகும், அதற்கு 'நோ ரோல்' கொடுங்கள். இந்தப் பெயரைக்கூட அப்பிள் ஒரு நிலையில் வைக்கவில்லை. இத்தனை வருடம் பிரிஃபரன்ஸஸ் என்று பழக்கிவிட்டு 2022இல் மெக்கின் வென்ச்சுரா பதிப்பில் செட்டிங்ஸ் என்றார்கள், பழைய குறிப்பை வைத்துப் பழக்கும் நம்மைப் போன்றவர்கள்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் மறுபடி விளக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த 85,000 ரூபாய்க்காரர். இந்த மாதிரி ஆட்கள் செய்த வேலைகளைத் திறந்து பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பெரும்பாலும் எதையும் மாற்ற மாட்டார்கள். உங்கள் விண்டோஸ் மென்பொருளையே ஒரு உறைக்குள் போட்டு, மெக்கில் விண்டோஸ் மாதிரி பாவனை செய்ய வைத்துக் கொடுத்துவிடுவார்கள். மெனு ஜன்னலுக்குள்ளேயே இருக்கும், கொமாண்ட் விசை சரியாக வேலை செய்யாது. அடுத்த ஓஎஸ் அப்டேட்டில் நின்றுபோனால் மறுபடி காசு கேட்பார்கள். 2019இல் மெக்கின் கெட்டலினா பதிப்பு வந்து பழைய 32 பிட் மென்பொருள்களை ஓடவிடாமல் நிறுத்தியபோது, இப்படி உறை போட்டு வாங்கியவர்களில் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டார்கள். சோர்ஸ் கோடைக் கேட்பது அதைவிட மோசம். அது அவர் கையில் போனால் நாளைக்கு அடுத்த ஊர்க் கொழுந்து முதலாளிக்கு உங்கள் மென்பொருளையே அவர் பெயரில் விற்பார், நீங்கள் எங்கே போய் முறையிடுவீர்கள்? சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மெக்கில் செட்டிங்ஸை எந்த மெனுவில் வைப்பீர்கள்?" ஃபைல் மெனுவில் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழ் மெனுவும் செய்து தருகிறேன் என்பார், அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. பாமினி எழுத்துருவில் எழுதித் தருவார். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போட்ட தமிழ்ச் சட்டை மட்டும்தான். 'அம்மா' என்று தெரிவதற்குள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத மெக்கில் திறந்தால் மெனு முழுவதும் இந்தக் குப்பைதான் வரும். உலகப் பொது முறையான யுனிகோட்டில் எழுதுங்கள், வேறு பேச்சே வேண்டாம். தமிழுக்கு எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கை நியமம் 2008இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் இன்றைக்கும் பாமினியில் அடித்த படிவத்தை அனுப்பி, நிரப்பித் திருப்பி அனுப்பு என்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற இடத்திலும் அதே பாமினிதான். எத்தனை வருடம் இதையே சொல்வது என்று கோபம் வருகிறது.

யுனிகோட் கீபோர்ட்டில் ஒரு கவனம் வேண்டும். பிரவுசரில் ஓடும் மென்பொருள் எழுதினால், அழுத்தியது எந்த எழுத்து என்று பார்த்து ஷோர்ட்கட்டை ஓட்டாதீர்கள். தமிழ் கீபோர்ட் போட்டிருக்கும்போது அங்கே தமிழ் எழுத்து வந்து நிற்கும், கொன்ட்ரோல்-எஸ் அழுத்தியும் சேவ் ஆகாது. விசை இருக்கும் இடத்தைப் பாருங்கள். விண்டோஸ் மெனுவில் அல்ட்டோடு சேர்த்து அழுத்தும் அடிக்கோட்டு எழுத்தும் தமிழில் சரிவராது, 'கோப்பு' என்பதில் எதற்கு அடிக்கோடு இடுவது? ஜப்பானியர்கள் மெனுப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஓர் ஆங்கில எழுத்தை வைப்பார்கள், நாமும் அப்படியே செய்யலாம். மெக்கில் இந்த அடிக்கோடே கிடையாது.

லினக்ஸ் பெரும்பாலும் விண்டோஸ் மாதிரிதான். வெளியேறக் கொன்ட்ரோல்-கியூ, தமிழ் கீபோர்ட் போட்டிருக்கும்போதும் ஷோர்ட்கட் ஓடக் கீபோர்ட் பட்டியலில் ஆங்கிலத்தையும் வைத்திருங்கள், போதும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. வரியை அழிக்க வெறும் டிலீட் விசையை வைத்திருக்கிறீர்களா? இருந்தால் மெக்கில் அதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். மெக் லெப்டொப்பில் டிலீட் என்று எழுதியிருப்பது நம்முடைய பேக்ஸ்பேஸ், கியூடியும் அதைப் பேக்ஸ்பேஸ் என்றே எடுத்துக்கொள்ளும், உங்கள் டிலீட் அங்கே ஓடாது. அதற்காக வெறும் பேக்ஸ்பேஸில் அழிக்கும் கட்டளையை வைத்துவிடாதீர்கள். 18.5 கிலோவை 18 ஆக்கப் போய், கட்டத்துக்குள் கேர்சர் இல்லாத நேரத்தில் அதை அழுத்தினால் ஒரு சிறுதோட்டக்காரரின் அன்றைய நிறுவை வரியே போய்விடும். மாதக் கடைசியில்தான் தெரியவரும், அப்போது பில்லைத் தொலைத்துவிட்டிருப்பார். மெக்கில் கொமாண்டோடு சேர்த்து வையுங்கள், அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்க வையுங்கள். அந்தக் கேள்விப் பெட்டியில் ஆம், இல்லை என்று போடாதீர்கள். விண்டோஸில் சம்மதப் பொத்தான் இடப்பக்கம், மெக்கில் வலது ஓரம், பழக்கத்தில் மாற்றி அழுத்திவிடுவார்கள். 'வரியை அழி', 'அப்படியே இருக்கட்டும்' என்று செய்யப்போவதையே பொத்தானில் எழுதுங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகு, ஒரு பழைய நாளின் நிறுவைத் தாளை எடுத்துக்கொண்டு போய் முதலாளியின் மகளை மெக்கில் முழுவதும் தட்டச் சொல்லுங்கள், சாக்குக்கும் தண்ணீருக்கும் கழிக்கும் எடை உட்பட. பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், விரல் எந்த இடத்தில் தயங்குகிறது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அதே தாளைக் கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும் விண்டோஸில் கொடுத்துப் பாருங்கள், அவருக்கு ஒரு விசைகூட மாறியிருக்கக்கூடாது.