தம்பி ஊசி போடுகிறான், பூட்டி வைக்கலாமா?

கேள்வி: டாக்டர், கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். தம்பி வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோவைக்கு வேலைக்குப் போகிறவன். வலி மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து நரம்பில் போடுகிறான் என்று போன வாரம்தான் தெரிந்தது. ரூமில் பூட்டிப் போடு, தானாகத் தெளியும் என்கிறார் அப்பா. சில சென்டர்களில் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரையும், புது ஊசியும்கூடத் தருவார்களாமே? போதைக்குப் பதில் இன்னொரு போதையா? - பெயர் வேண்டாம்

பதில்: பூட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள் அம்மா. பத்து நாள் பூட்டினால் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும், ஆசை மட்டும் போகாது. வெளியே வந்ததும் பழைய அளவையே போடுவான், மூச்சு நின்றுவிடும். ஜெயிலிலிருந்தும் மறுவாழ்வு மையத்திலிருந்தும் வந்த கொஞ்ச நாளிலேயே பலர் சாவது இப்படித்தான்.

அந்த நாக்கடி மாத்திரை புப்ரினார்ஃபின். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005-லிருந்து இருக்கிறது. அரசு மையங்களில் இலவசம், நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைய வைக்க வேண்டும். ஊசியை நிறுத்தினால் வரும் உடம்பு நோவு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் அடங்கி ஆள் வேலைக்குப் போவான். ஒரு அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது என்பதால் ஊசியைவிட எவ்வளவோ பாதுகாப்பு, ஆனால் இதோடு தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் ஆபத்துதான். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். பிரஷர் மாத்திரையை அப்படித்தானே சாப்பிடுகிறோம், அதை யாரும் போதை என்பதில்லை.

புது ஊசி தருவது அவனைப் போடச் சொல்வதற்காக அல்ல. தராவிட்டாலும் போடுவான், நண்பன் போட்ட ஊசியிலேயே போடுவான். எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் அப்படித்தான் கைமாறுகின்றன. 2017 எச்.ஐ.வி. சட்டமே இப்படி ஊசி தருவதைக் குற்றமாகக் கருதக்கூடாது என்கிறது. இரண்டு டெஸ்டையும் இப்போதே எடுக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் சி இருந்தாலும் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும், அரசுத் திட்டத்தில் காசில்லை. இன்னொன்று, வாயில் போடுவதற்கென்று செய்த மாத்திரையில் டால்க் மாதிரி தூள் கலந்திருக்கும். அது கரையாமல் நரம்பையும் நுரையீரலையும் அடைக்கும், பஞ்சில் வடிகட்டினாலும் முழுசாகப் போகாது.

ஒருநாள் எழுப்பினாலும் எழாமல், உதடு நீலம் பாரித்து, குறட்டை மாதிரி தொண்டை கரகரத்தால் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிட்டு, மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். என்ன போட்டான் என்று ஆம்புலன்ஸ்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், நலோக்ஸோன் என்ற முறிவு மருந்து போட அது தெரிய வேண்டும்.

மையம் எங்கே என்று ஜில்லா ஆஸ்பத்திரி எச்.ஐ.வி. கவுன்சிலரிடம் கேளுங்கள், அல்லது 14446-க்குப் போன் போடுங்கள். தம்பியைத் திட்டிக் கூட்டிப் போனால் பாதி வழியில் இறங்கிவிடுவான், நீங்களே கூடப் போங்கள்.