குளிர் அறைக்கு எத்தனை எச்பி கம்ப்ரசர் வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒரு டன் பழத்தை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர எத்தனை எச்பி என்று கேட்டிருக்கிறீர்கள். எச்பி இந்தக் கணக்கின் கடைசி வரியில்தான் வரும். அதை முதல் வரியில் வைத்து நானே ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன்.

முதலில் வெப்பச் சுமை. பழத்தின் தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி மாற்றத் தேவையான வெப்பம்) சுமார் 3.7 கிலோஜூல். ஆக 1000 × 3.7 × 30 = 1,11,000 கிலோஜூலை வெளியே எடுக்க வேண்டும். எத்தனை மணி நேரத்தில்? நீங்கள் சொல்லவில்லை, விடையையே புரட்டிப்போடுவது அதுதான். 10 மணி நேரம் என்றால் 3.1 கிலோவாட், 20 மணி நேரம் என்றால் அதில் பாதி. 3×3×2.5 மீட்டர் அறைக்கு 100 மி.மீ. பஃப் பேனல் (வெப்பத்தைத் தடுக்கும் நுரைப் பலகை) போட்டால் சுவர் வழியாக வருவது 0.33 கிலோவாட்தான். கதவு, ஃபேன், விளக்கு, பழம் மூச்சுவிடும் சூடு எல்லாவற்றுக்கும் குத்துமதிப்பாக 0.7. கூட்டி, கொஞ்சம் கை தாராளமாக வைத்து, 5 கிலோவாட் என்று எடுத்துக்கொள்கிறேன்.

(குளிர்பதனத்தில் சொல்லும் 'டன்' வேறு. சுமார் 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பம் அது, 3.517 கிலோவாட். உங்கள் ஒரு டன் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இப்போது சுழற்சி. கேஸ் ஆர்-134ஏ, எவாப்பரேட்டர் (அறைக்குள் கேஸ் ஆவியாகி வெப்பத்தை எடுக்கும் சுருள்) −10 டிகிரி, கண்டென்சர் (அந்த வெப்பத்தை வெளியே விட்டு கேஸ் திரவமாகும் சுருள்) 40 டிகிரி. இந்த கேஸின் அட்டவணையில் −10இல் ஆவியின் என்தால்பி (ஒரு கிலோவில் அடங்கிய வெப்பம், கிலோஜூலில்) 244.5, 40இல் திரவத்துக்கு 108.3. வித்தியாசம் 136: ஒரு கிலோ கேஸ் அறையிலிருந்து அள்ளிக்கொண்டு போகும் கிலோஜூல். 5 கிலோவாட்டை 136ஆல் வகுத்தால் நொடிக்கு 0.037 கிலோ.

அந்த −10 ஆவி ஒரு கிலோ 0.0996 கன மீட்டர் இடத்தை அடைக்கும். அப்படியானால் மணிக்கு 13 கன மீட்டர் உறிஞ்ச வேண்டும். பிஸ்டன் உச்சிக்குப் போனாலும் கொஞ்சம் கேஸ் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் கன அளவுத் திறன் 75 சதவீதம் என்று வைத்தால் 17.5 கன மீட்டர். கம்ப்ரசரின் அளவு இதுதான். என்ட்ரோபி மாறாமல், அதாவது எந்த இழப்பும் இல்லாத இலட்சிய முறையில், அழுத்தினால் கிலோவுக்கு 34 கிலோஜூல் வேலை, அதாவது 1.25 கிலோவாட். 65 சதவீதத் திறனில் 1.9, அதாவது சுமார் 2.5 எச்பி. மோட்டார் 3 எச்பி.

நான் சூடுபட்ட கதை இனிமேல்தான். இதேபோல் 3 எச்பி என்று பார்த்து வாங்கிய கம்ப்ரசரை எவாப்பரேட்டர் −20இல் ஓடும் அறைக்கு மாட்டினேன். இரவு முழுக்க ஓடியும் அறை இறங்கவில்லை. கிளாம்ப் மீட்டர் வைத்தால் ஆம்ப்ஸ் குறைவாகக் காட்டியது. மோட்டார் திணறவே இல்லை, சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அட்டவணையைத் திறந்திருந்தால் புரிந்திருக்கும்: −20இல் அதே ஒரு கிலோ ஆவி 0.147 கன மீட்டர். ஒவ்வொரு உறிஞ்சலிலும் உள்ளே போவது மெல்லிய கேஸ். கன மீட்டருக்கு 1367 கிலோஜூல் கிடைத்த இடத்தில் 880தான், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. அழுத்த விகிதமும் (கண்டென்சர் அழுத்தத்தை எவாப்பரேட்டர் அழுத்தத்தால் வகுத்தது) 5இலிருந்து 7.7க்கு ஏறுவதால் கன அளவுத் திறனும் சரியும். மோட்டாரைப் பெரிதாக்கி என்ன பயன்? சிலிண்டர்தான் சின்னது.

அதனால் கேட்டலாக்கில் எச்பியைப் பார்க்காமல், −10/40 (எவாப்பரேட்டர்/கண்டென்சர்) என்ற வரியில் 5 கிலோவாட் தருகிறதா என்று பாருங்கள். வெயில் நாளில் கண்டென்சர் 50க்கு ஏறினால் கிலோவுக்கு 136 என்பது 121 ஆகிவிடும், −10/50 வரியையும் பார்த்துவிடுங்கள். கண்டென்சர் 5 கிலோவாட்டை மட்டுமல்ல, கம்ப்ரசரின் 1.9ஐயும் சேர்த்து 6.9ஐ வெளியேற்ற வேண்டும்.

பழம் எத்தனை மணி நேரத்தில் குளிர வேண்டும் என்று எழுதுங்கள், அந்த 3.1ஐத் திருத்திக்கொள்ளலாம்.