இருபத்தைந்து வயதில் பல்லுக்குக் கம்பி

வணக்கம் அக்கா,

எனக்கு வயது 25. மேல் வரிசையில் இடது பக்கக் கோரைப்பல் உயரத்தில் முளைத்துத் தெத்துப்பல்லாக வெளியே நிற்கிறது. கீழே முன்பற்கள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. அங்கே பிரஷ் சரியாகப் போவதில்லை, தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. பள்ளியில் படித்தபோது கம்பி போட வீட்டில் வசதி இல்லை. இப்போது என் சம்பளத்தில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். ஒருவர் நான்கு பல்லை எடுத்துவிட்டு இரண்டு வருடம் கம்பி போட வேண்டும் என்றார். இன்னொருவர் பல் எடுக்கவே வேண்டாம், வெளியே தெரியாத அலைனர் (பல்லில் மாட்டிக் கழற்றுகிற பிளாஸ்டிக் தட்டு) போதும், பத்து மாதத்தில் முடித்துவிடலாம் என்றார். யாரை நம்புவது? வீட்டிலோ ‘இந்த வயசுல எதுக்கு, ஆம்பளைப் பையனுக்குப் பல்லு எப்படி இருந்தா என்ன’ என்கிறார்கள். சிரிக்கும்போது என் கை தானாக வாய்க்குப் போகிறது. மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. பல் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. போடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

நான் கம்பி போட்டது 28 வயதில், உங்களைவிட மூன்று வயது கூடுதல். அதனால் வயதைப் பற்றிய கவலைக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், காலம் கடந்துவிடவில்லை.

பல் ஏதோ சுவரில் அறைந்த ஆணி மாதிரி எலும்பில் இறுகிக் கிடப்பதாக நினைத்துக்கொள்கிறோம். வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டரே தடிமனுள்ள ஒரு நார்ப்படலம் இருக்கிறது, பல் அதில்தான் தொங்குகிறது. கம்பி ஒரு பக்கமாக மெதுவாகத் தள்ளும்போது அழுத்தம் விழுகிற பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்யும், இழுபடுகிற பக்கத்தில் புது எலும்பு வைக்கும் செல்கள் வேலை செய்யும், இப்படிக் கரைந்தும் வளர்ந்தும் பல் எலும்புக்குள்ளேயே நகர்ந்து போகும், மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். எலும்பும் ஈறும் நன்றாக இருந்தால் 15 வயதிலும் இது நடக்கும், 50 வயதிலும் நடக்கும். உங்கள் வயதில் முடிந்துபோனது தாடையின் வளர்ச்சிதான். சிறு பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சியையே பயன்படுத்திச் சில கோளாறுகளைத் திருத்துவார்கள். பெரியவர்களுக்கு மேல் தாடையும் கீழ்த் தாடையும் பொருந்தாமல் இருந்தால் பற்களை நகர்த்தி ஓரளவு மறைக்கலாம், தாடையையே மாற்ற அறுவை சிகிச்சைதான் வழி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இடநெருக்கடி மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் எக்ஸ்ரேவைப் பார்க்கிறவர்.

சரி, இரண்டு மருத்துவர்கள். இருவரில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பல் எடுப்பதா வேண்டாமா என்பது இந்தத் துறையின் மிகப் பழைய சண்டை. நவீன பல் சீரமைப்புக்கு அடித்தளம் போட்ட எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர், எல்லாப் பற்களையும் வைத்துக்கொண்டுதான் வரிசைப்படுத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கால்வின் கேஸ் என்பவர் அதை மறுத்தார், 1911இல் அது பெரிய விவாதமாகவே நடந்தது. ஆங்கிளிடம் படித்த சார்ல்ஸ் ட்வீட் குருவின் வழியிலேயே வருடக்கணக்கில் சிகிச்சை செய்துவிட்டு, முடித்த பற்கள் பலருக்கும் திரும்பக் கலைவதையும் முகம் முன்தள்ளித் தெரிவதையும் பார்த்து மனம் மாறினார், தன் பழைய நோயாளிகளுக்கே பல் எடுத்து மறுபடி சிகிச்சை செய்தார். குரு சொன்னதைத் தன் கண்ணால் கண்டதற்காக மாற்றிக்கொண்ட அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்கப்புறம் கொஞ்ச காலம் தேவைக்கு மேலேயே பல் பிடுங்கினார்கள், பிறகு அதுவும் குறைந்தது. இன்றைக்கும் ஒரே வாய்க்கு இரண்டு நல்ல மருத்துவர்கள் இரண்டு திட்டம் சொல்வது உண்டு.

அதனால் ‘பல் எடுக்கணுமா’ என்று கேட்பதை விட்டுவிட்டு இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எனக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம் குறைகிறது, அந்த இடம் எங்கிருந்து வரும்? இடம் வருவதற்கு வழிகள் கொஞ்சம்தான். கோரைப்பல்லுக்கு அடுத்த சிறிய கடைவாய்ப் பல்லை எடுத்தால் பக்கத்துக்கு ஏழு மில்லிமீட்டர் போலக் கிடைக்கும். வரிசையின் வளைவை அகலப்படுத்தலாம், முன்பற்களைக் கொஞ்சம் முன்னே சாய்க்கலாம், பின்பற்களைப் பின்னே தள்ளலாம், அல்லது பற்களின் பக்கவாட்டில் எனாமலை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவுக்கு உரசி எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. முன்பற்களை அளவுக்கு மீறி முன்னே தள்ளினால் உதடு துருத்தும். கீழ் முன்பற்களுக்கு முன்னால் இருக்கிற எலும்பு ஏற்கெனவே மெல்லியது, அங்கே ஈறு இறங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. தேவையில்லாத இடத்தில் பல்லை எடுத்துவிட்டால் அந்தப் பல் திரும்ப வராது. பக்கவாட்டு எக்ஸ்ரேவையும் உங்கள் பல் அச்சையும் முன்னால் வைத்து, அளவு சொல்லி இதை விளக்குகிறவர் யாரோ அவரிடம் போங்கள். வாயைத் திறக்கச் சொல்லி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பத்து மாதம் என்றோ நான்கு பல் என்றோ சொல்கிறவர் எவராக இருந்தாலும் எனக்குத் தயக்கம்தான். முடிந்தால் மூன்றாவதாகவும் ஒருவரைப் பாருங்கள். பல் சீரமைப்பில் மேற்படிப்பு படித்தவராக இருக்கட்டும்.

அலைனர் நல்ல கருவி. அது வந்த கதையே உங்களைப் போன்ற ஒருவருடையது. வளர்ந்த வயதில் கம்பி போட்டு முடித்த ஒரு மாணவர், பல் திரும்பக் கலையாமல் பிடித்துவைக்கக் கடைசியில் கொடுத்த பிளாஸ்டிக் ரிடெய்னரைச் சில நாள் போடாமல் விட்டுத் திரும்ப மாட்டியபோது நகர்ந்த பல் அதற்குள் மறுபடி ஒழுங்குக்கு வருவதைக் கவனித்தார், அப்படியானால் இப்படித் தட்டு தட்டாகச் செய்தே பல்லை நகர்த்தலாமே என்று யோசித்தார், 1997இல் அதற்காக ஒரு நிறுவனம் தொடங்கினார், அந்த நிறுவனத்தின் அலைனர்தான் இன்விசலைன். ஆனால் ஒரு நாளைக்கு 20, 22 மணி நேரம் அது வாயில் இருக்க வேண்டும், கழற்றிக் கழற்றி வைக்கிறவருக்கு அது வேலை செய்யாது. வெளியே தெரியாது என்பதும் முழுக்கச் சரியில்லை, பிடிமானத்துக்காகப் பற்களின் மேல் பல் நிறத்திலேயே சின்னச் சின்ன மேடுகள் ஒட்டுவார்கள். முக்கியமாக, உயரத்தில் நிற்கிற கோரைப்பல்லைக் கீழே இழுப்பதும் உருண்டையான பல்லைத் திருப்புவதும் அலைனருக்குச் சிரமமான வேலைகள், கம்பிக்கு அவை சுலபம். உங்கள் பல்லோ அதே கோரைப்பல். அதை எப்படி இறக்கப் போகிறீர்கள் என்று அலைனர் சொன்ன மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள். அப்புறம், மருத்துவரை நேரில் பார்க்காமலேயே தபாலில் அலைனர் வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அப்படி விற்ற ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஈறு. ரத்தம் வருகிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். வீங்கின ஈறோடு பல்லை நகர்த்தினால் பல்லைத் தாங்குகிற எலும்பு வேகமாகக் கரையும், கம்பி சுற்றிவர அழுக்கு தங்கும், முடிகிற நேரத்தில் வரிசையான பற்கள் கிடைத்திருக்கும், அவற்றைப் பிடித்திருக்கிற ஈறு போயிருக்கும். முதலில் சுத்தம் செய்து, ஈறின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகத் தேய்க்காவிட்டால் கம்பியைக் கழற்றிய பிறகு பற்களில் வெள்ளைத் திட்டுகள் நிற்கும், அவை முழுக்கப் போவது கடினம். வேர்களின் நுனி கொஞ்சம் தேய்வது பலருக்கும் நடக்கிறது, பெரும்பாலும் பிரச்சினை ஆகாது, ஆனால் நடுவில் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்க வேண்டும். ஏறிக்கிடக்கிற பற்களைப் பிரித்து நேராக்கும்போது, பெரியவர்களுக்கு ஈறுக்குப் பக்கத்தில் பல்லிடுக்கில் சின்னக் கறுப்பு முக்கோணம் போல இடைவெளி தெரிவதும் உண்டு, கீழ் முன்பற்களில் இது சகஜம். எனக்கு ஒன்று இருக்கிறது. யாரும் சொல்லாமல் விட்டதால் முதலில் பார்த்தபோது பதறிப்போனேன்.

வலி மூன்று நாள் வலி. மாட்டிய அன்றும் ஒவ்வொரு தடவை முறுக்கிவிட்டு வரும்போதும் அடுத்த நாள் கடுமையாக இருக்கும், பிறகு இறங்கிவிடும். உதட்டின் உள்பக்கம் புண்ணாகும், அதற்கு மெழுகு தருவார்கள். ஆபீஸில் ஒரு வாரம் பார்ப்பார்கள், அப்புறம் பார்க்க மாட்டார்கள்.

‘பல் சரியானால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வேல்ஸில் 1981இல் 11, 12 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு மேல் எடுத்து, பல் வரிசையையும் மனநிலையையும் பதிவு செய்து, 20 வருடம் கழித்து அவர்களில் 337 பேரை மறுபடி தேடிப் பார்த்தார்கள், 2007இல் அந்த முடிவு வெளிவந்தது. கம்பி போட்டவர்களுக்குத் தங்கள் பற்களைப் பற்றித் திருப்தி அதிகமாக இருந்தது. தன்மதிப்பிலோ பொதுவான மனநலத்திலோ கம்பியால் வந்த வித்தியாசம் மிகக் குறைவு. தேவை இருந்தும் போடாமல் விட்டவர்கள் அதனால் மனம் ஒடிந்து போய்விடவும் இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது, ஏனென்றால் நானும் உங்களைப் போலத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கம்பி கழற்றிய மாதம் கண்ணாடி முன்னால் நின்று நின்று சிரித்துப் பார்த்தேன், அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, இன்றைக்கும் புகைப்படத்தில் சிரிக்க எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் கூட்டத்தில் பேச எழுந்தால் வயிற்றைப் பிசைகிற அந்தப் பயம் அப்படியே இருந்தது. அதைத் தனியாகத்தான், பேசிப் பேசித்தான் குறைத்தேன். நீங்கள் இரண்டு வருடம் மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டிருந்து, கம்பி கழற்றிய மறுநாள் பேசத் தொடங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அந்த இரண்டு வருடம் வீணாகிவிடும். அடுத்த மீட்டிங்கிலேயே, இந்தத் தெத்துப்பல்லோடேயே, ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

வீட்டில் சொல்கிற ‘ஆம்பளைப் பையன்’ பேச்சை விடுங்கள். வாயை மூடாமல் சிரிக்க வேண்டும் என்ற ஆசைக்கு ஆண் பெண் கிடையாது.

கடைசியாக ரிடெய்னர். இரண்டு மருத்துவர்களும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. எனக்குக் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டிவிட்டு, மேலுக்கு இரவில் மாட்டுகிற தட்டு ஒன்று கொடுத்தார்கள். ஒரு வருடம் பத்திரமாக மாட்டினேன். பிறகு ஒரு பயணம், ஒரு காய்ச்சல், மேஜை இழுப்பறை, மறந்தே போனேன். கீழ்க் கம்பி ஒரு பல்லிலிருந்து விட்டுப்போனது தெரிந்தும் அடுத்த வாரம் போகலாம் என்று மாதக்கணக்கில் தள்ளினேன். அந்தப் பல் திரும்பிக்கொண்டது. அதைச் சரிசெய்ய மறுபடி ஐந்து மாதம் அலைனர் போட வேண்டியிருந்தது. ஈறில் இருக்கிற மீள்நார்கள் பழைய இடத்தை மறக்கவே சுமார் ஒரு வருடம் எடுக்கும், அதன் பிறகும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கிக்கொண்டுதான் வரும், கம்பியே போடாதவர்களுக்கும் அப்படித்தான். சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பல் எடுத்துச் சிகிச்சை முடித்த 65 பேரை, ரிடெய்னரை நிறுத்திக் குறைந்தது பத்து வருடம் ஆன பிறகு பரிசோதித்து 1981இல் எழுதினார்கள். கீழ் முன்பல் வரிசை திருப்தியாக இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக நீங்கள் எடுக்கிற முடிவு இரண்டு வருடத்துக்கு மட்டும் இல்லை. கம்பி கழன்ற பிறகு இரவில் தட்டு மாட்டிக்கொண்டு தூங்குவதற்கும், அது உடைந்தால் அந்த வாரமே போய் மாற்றுவதற்கும், எத்தனை வருடமானாலும் சம்மதமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குச் சம்மதம் இல்லையென்றால் போடாதீர்கள், தெத்துப்பல்லோடு நன்றாகவே வாழலாம், ஈறை மட்டும் காட்டிச் சரிசெய்துவிட்டுப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற சின்ன பிரஷ் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும்.

சம்மதம் என்றால் போடுங்கள். பிரஷ் போகாத இடம் உங்களுக்கு இருக்கிறது, ஆசை இருக்கிறது, சொந்தச் சம்பளம் இருக்கிறது, இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. இந்த வாரம் ஈறைப் போய்க் காட்டுங்கள், சுத்தம் செய்து ஒழுங்காகத் தேய்த்தால் சில வாரங்களில் ரத்தம் நின்றுவிடலாம். அதற்கப்புறம் அந்த இருவரிடமும் இடம் எங்கிருந்து வரும் என்று கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா