வகுப்பில் அடிக்கடி கோபத்தில் வெடிக்கும் பத்தாம் வகுப்பு மாணவனை எப்படிக் கையாள்வது?

தண்டனை கொடுத்தும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவன் எப்போது வெடிக்கிறான் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது, இந்த மூன்றும் போதும்.

என் வகுப்பில் ஒரு பையன் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்து போவான். திமிர் என்றுதான் நினைத்தேன். குறித்துப் பார்த்தால், சத்தமாக வாசிக்கச் சொல்லும் நாட்களில் மட்டும்தான் அப்படி! அவனுக்கு வாசிக்க வரவில்லை. வெளியே அனுப்பியபோதெல்லாம் அவன் தப்பிக்க நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன். அப்புறம் வாசிக்க வேண்டிய பத்தியை முதல் நாளே கொடுத்தேன். தனியாக உட்கார்ந்து வாசிப்பும் சொல்லிக் கொடுத்தேன். மேசை தள்ளுவது மெல்லக் குறைந்தது.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை வேண்டாம், காதில் ஏறாது. உணர்ச்சியை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை ஆகும். குரலைத் தாழ்த்தி, மற்ற மாணவர்கள் பார்க்காதபடி பேசுங்கள். இந்த வயதில் எல்லார் முன்னாலும் தலைகுனிவது தாங்க முடியாத விஷயம்.

தினமும் காலையில் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் உங்கள் மாணவனிடம் இரண்டு நிமிடம் பேசட்டும், மாலையில் அன்றைய நாள் எப்படிப் போனது என்று கேட்கட்டும்.

சத்தம் போடாமல் ஒதுங்கிப் போகிறவர்களையும் கவனியுங்கள். 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்காமல் அன்றே பெற்றோரிடமும் மனநல ஆலோசகரிடமும் பேசிவிடுங்கள்.