'டேக் ஆன் மீ': உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நார்வேயின் 'ஆ-ஹா' குழு 1985-இல் உலகம் முழுக்கக் கொண்டுபோன 'டேக் ஆன் மீ' பாட்டைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, இந்தப் பாட்டு முதல் தடவை வந்தபோது ஓடவே இல்லையாமே?

ஒரு தடவை இல்லை தம்பி, இங்கிலாந்தில் இரண்டு தடவை விழுந்தது. டோனி மான்ஸ்ஃபீல்டு தயாரித்த பதிவு 1984-இல் வந்தது. நார்வேயில் மூன்றாம் இடம் வரை ஏறியது. லண்டனில் சீண்ட ஆளில்லை. அப்புறம் ஆலன் டார்னி என்ற தயாரிப்பாளரை வைத்து முதலிலிருந்து மறுபடி பதிவு செய்து வெளியிட்டார்கள். அதுவும் படுத்துவிட்டது. அதே டார்னி பதிவு, புது வீடியோவோடு மூன்றாவது முறை வந்தபோதுதான் பிடித்துக்கொண்டது. 1985 அக்டோபர் 19 தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதல் இடம். இங்கிலாந்தில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. மேலே ஜெனிஃபர் ரஷ்ஷின் 'தி பவர் ஆஃப் லவ்' அசையாமல் உட்கார்ந்திருந்தது.

தொடக்கத்தில் வரும் அந்தக் கீபோர்டு மெட்டு யாருடையது?

மாக்னே ஃபுருஹோல்மென். அவரும் கிதார் வாசிக்கும் பால் வாக்டாரும் ஆ-ஹாவுக்கு முன்பே ஆஸ்லோவில் 'பிரிட்ஜஸ்' என்ற குழு வைத்திருந்தார்கள். மெட்டு அந்தக் காலத்துச் சரக்கு. தங்கள் குழுவுக்கு இது ரொம்ப இனிப்பாக இருக்கிறது என்று அவர்களே தயங்கினார்கள். 'ஜூசி ஃப்ரூட் பாட்டு' என்று ஒரு சூயிங்கத்தின் பெயரைக்கூட அதற்கு வைத்திருந்தார்கள். பிறகு 'மிஸ் ஈரி' ஆனது, 'லெசன் ஒன்' ஆனது, கடைசியில்தான் இப்போதைய பெயர். பாடகர் மார்ட்டன் ஹார்க்கெட் வந்து சேர்ந்ததும் அந்த மெட்டை விடவில்லை.

லண்டனுக்குப் போனவர்கள் ஜான் ராட்கிளிஃபின் ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அங்கே 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டு மெஷின் இருந்தது! அந்த ராட்கிளிஃப் வழியாகத்தான் அவர்களுக்கு மேனேஜர் டெர்ரி ஸ்லேட்டர் கிடைத்தார்.

நான் கர்நாடக சங்கீதம் கற்றவள். இந்தப் பல்லவியை ஏன் எல்லோரும் பாடத் திணறுகிறார்கள்?

உங்களுக்குச் சொல்வது சுலபம். பாட்டின் சுருதியை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். பல்லவியின் முதல் அசையான 'டேக்', மந்திர ஸட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயியின் 'ஸ'. கிட்டத்தட்ட முணுமுணுப்பு. அங்கிருந்து படிப்படியாக ஏறி, பல்லவி முடியும் இடத்தில் குரல் நிற்பது தார ஸ்தாயிப் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயியின் 'ப'. இரண்டரை ஸ்தாயி, அதுவும் ஒரே பல்லவிக்குள்! கடைசிப் படிகளில் மார்ட்டன் கள்ளக்குரலுக்கு (ஃபால்செட்டோ) மாறுகிறார். மாறும் இடத்தில் சின்னப் பிசிறுகூடத் தெரியாது. அதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

நாம் திணறுவது உச்சியால் மட்டுமில்லை. உச்சியைத் தொட வேண்டுமே என்று சுருதியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால், தொடக்கத்தில் குரல் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். கூட்டினால் மேலே கிழியும். மார்ட்டனின் குரல் எட்டும் தூரத்தைக் காட்டவே இந்த ஏற்றத்தை வைத்து எழுதினார்கள்.

கீபோர்டில் வாசித்தால் ஒரிஜினல் போல வரவில்லை, என்ன செய்யலாம்?

முதலில் வேகத்தைக் குறையுங்கள். ஒரிஜினல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 169 தட்டு. நானும் பல மாதம் ஸ்வரங்களை மட்டும் பார்த்து வாசித்து ஏமாந்திருக்கிறேன். உயிர் இருப்பது இடைவெளிகளில். விரலை ஒட்டவைக்காமல் சட்டென்று எடுங்கள். பாதி ஸ்வரங்கள் தாளத்துக்கு நடுவே விழுகின்றன, காலால் தட்டிக்கொண்டே பழகுங்கள். பதிவில் ரோலண்ட் ஜூனோ-60, யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர்கள் எல்லாம் இருந்தன. அவை இல்லையே என்று கவலை வேண்டாம்.

பென்சில் ஓவியமாக வரும் அந்த வீடியோவை எப்படிச் செய்தார்கள்?

முதலில் நடிகர்களை வைத்துப் படம் பிடித்து, அந்தக் காட்சிகளின் மேலேயே பிரேம் பிரேமாகக் கையால் வரைந்தார்கள். சுமார் 3,000 பிரேம்கள், 16 வாரம். இயக்கம் ஸ்டீவ் பேரன். வரைந்தவர்கள் மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர்.

எனக்குப் பிடித்தது ஒரு சின்ன இடம். காப்பிக்கடையில் காமிக்ஸ் படிக்கும் ஒரு பெண், அதிலிருந்து நீளும் நாயகனின் கையைப் பிடித்து உள்ளே போய்விடுகிறாள். திரும்பி வரும் சர்வர் அம்மாவுக்குத் தெரிவது காலி நாற்காலிதான். பில் கட்டாமல் ஓடிவிட்டாள் என்று நினைத்து, கோபத்தில் காமிக்ஸைக் கசக்கிக் குப்பையில் போடுகிறார். கசங்கும் தாளுக்குள்ளேயே இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய மாயத்தை ஒரு காப்பிக்கடை பில்லில் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள்!

1986 எம்டிவி விருதுகளில் இதற்கு ஆறு கிடைத்தன. ஆண்டின் சிறந்த வீடியோ மட்டும் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'மணி ஃபார் நத்திங்'குக்குப் போனது. அதை இயக்கியவரும் இதே ஸ்டீவ் பேரன்தான்.

'டேக் ஆன் மீ' சரியான ஆங்கிலமா?

இல்லை. 'டேக் மீ ஆன்' என்பதுதான் வழக்கு. பாட்டில் அதுவும் வருகிறது. வாய்க்கு அழகாக உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

சார், வீடியோ இல்லாவிட்டால் இந்தப் பாட்டே இல்லை என்கிறேன் நான். ஒத்துக்கொள்கிறீர்களா?

பாதி ஒத்துக்கொள்கிறேன். வாசலைத் திறந்தது வீடியோதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2000-இல் 'ஏ1' குழு இதே பாட்டைப் பாடி இங்கிலாந்தில் முதல் இடம் பிடித்தது. அங்கே அந்தப் பென்சில் கோடுகள் கிடையாது. 2017-இல் நார்வேயின் கிஸ்கே தீவில் ஆ-ஹாவே வேகத்தையெல்லாம் கழற்றிவிட்டு மெதுவாகப் பாடினார்கள். துள்ளல் போன பிறகு கேட்டால், இது கெஞ்சுகிற பாட்டு என்று புரிகிறது. முதல் நாளிலிருந்தே மெட்டுக்குள் அது இருந்திருக்கிறது. வீடியோவுக்கே எல்லாப் பெருமையும் என்றால் எனக்கு மனசு கேட்காது.

என் மகளுக்கு 'டெட்பூல் 2' படத்தில் வந்த மெதுவான பாட்டாகத்தான் இது தெரியும். எதிலிருந்து தொடங்கிக் காட்டலாம்?

படத்தில் வருவது அந்தக் கிஸ்கே பதிவுதான், அதனால் அவளுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குங்கள். பாடியபோது மார்ட்டனுக்கு 57 வயது. தனக்குப் பார்க்கின்சன்ஸ் நோய் இருப்பதை 2025 ஜூனில் அவர் வெளியே சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பதிவை என்னால் சும்மா ஓடவிட்டுக் கேட்க முடியவில்லை. ஹெட்போன் மாட்டிக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு 1985 வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள்.